வாயாடியின் போன்

என் கடைச் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்: ‘வைரஸா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள்.’ கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதில் எனக்குப் பதினாறு வருட அனுபவம். சொன்னதைக் கேட்காமல் வந்து நிற்பவர்களை, “கை இருக்குன்னு எல்லாத்தையும் அமுக்கிடுவீங்களா?” என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவேன். அன்று கடைக்கு வந்த என் அக்காவுக்கும் அதேதான் கிடைத்தது.

‘இடம் நிறைந்துவிட்டது, படங்கள் அழிந்துவிடும்’ என்று அவளுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. பதறிப்போய் லிங்க்கை அழுத்திப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாள். உள்ளே புகுந்த படுபாவி பாஸ்வேர்டை மாற்றிவிட்டான்.

அந்த மெயில் கணக்கில் சேமித்திருந்ததெல்லாம் அவள் மகளின் படங்களும் வீடியோக்களும். வாயாடி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். பதினான்கு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வருடமாகிறது. அந்தக் குரலை அக்கா தினமும் கேட்பாள். இப்போது நான்கு நாளாகக் கேட்கவில்லை.

நான் கத்தி முடித்ததும், கைக்குட்டையில் சுற்றிய ஒரு போனை மேசைமேல் வைத்தாள். வாயாடியின் போன். ஆஸ்பத்திரியில் அணைத்ததோடு சரி, பிறகு யாரும் தொடவில்லை. அதுவும் அதே கணக்கில்தான் இருந்தது. பழகின போனிலிருந்து கணக்கைத் திருப்பிக் கேட்டால் மெயில் கம்பெனிக்காரன் நம்புவான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சார்ஜ் ஏற்றித் திறந்தோம். உள்ளே எல்லாம் அப்படியே இருந்தன. முதல் வீடியோவில், மூக்கு நுனியில் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு என்னைப் போலவே நடித்துக் காட்டுகிறாள்: “கை இருக்குன்னு எல்லாத்தையும் அமுக்கிடுவீங்களா?” அக்கா சிரித்துவிட்டாள்.

அந்தத் திருடனை விடக்கூடாது என்ற வேகம். போனைக் கடை வைஃபையில் இணைத்தேன். கணக்கைத் திருப்பிக் கேட்டதும் ‘இது நீங்கள்தானா?’ என்று திரையில் வந்தது. ஆம் என்று அழுத்தினேன். கணக்கு கைக்கு வந்தது. “மாட்டினான் பாரு!” என்று மேசையைத் தட்டினேன்.

அப்போதுதான் போனில் படங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

அவன் கணக்கில் எல்லாவற்றையும் ஏற்கெனவே அழித்திருக்கிறான். நெட் கிடைத்ததும் போனும் அதைப் பார்த்துத் தன்னிடம் இருந்ததை அழிக்கிறது. வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிவதற்குள் திரை காலி. கணக்கின் குப்பைத் தொட்டியையும் துடைத்து வைத்திருந்தான். முதலில் ஒரு கேபிளைச் செருகிப் பிரதி எடுத்திருந்தால் பத்து நிமிட வேலை. என் கடைக்கு வரும் எவனுக்கும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

“கணக்கு கெடச்சிருச்சா?” என்றாள் அக்கா.

“கெடச்சிருச்சுக்கா. உள்ள ஒண்ணுமில்ல. நான்தான் அழிச்சிட்டேன்.”

அவள் கைக்குட்டையை மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள். சுவரில் ஒட்டியிருந்ததை அவள் படிக்கக்கூடாதே என்று இருந்தது எனக்கு. அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“திட்டு தம்பி,” என்றாள். “முன்னாடி திட்டினியே, அதே மாதிரி. அவ பேசுற மாதிரியே இருக்கும்.”

வாயைத் திறந்தேன். என்னை மாதிரி பேச எனக்கு வரவில்லை.