கறி வேகுமுன் முடிந்த ஆட்டம்

அமெரிக்காவின் நடுவிலிருக்கிற எங்கள் ஒமாஹாவில் ஃபுட்பால் என்றால் ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் முட்டுவது. அதில் காலுக்கு வேலை குறைவு. பார்க்க வருகிறவர்களின் வயிற்றுக்குத்தான் வேலை அதிகம். இதே ஊரில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் அதே ஹெல்மெட்டை மாட்டி முட்டி, ஒரு முழங்காலைத் தொலைத்தவன் நான். ஆகவே ட்ரோவர்ஸ் என்கிற ரக்பி அணிக்கு நான் மேலாளர் ஆனபோது, மதம் மாறியவனுக்குக் கிடைக்கிற மரியாதை எனக்கு என் மாமியார் வீட்டில் கிடைத்தது.

ட்ரோவர்ஸ் தொழில்முறை அணி. அதாவது ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு, பார்க்கிறவர்கள்தான் இல்லை. சொந்த மைதானமும் இல்லை. தெற்கு ஒமாஹா ஃபுட்பால் ரசிகர் சங்கத்தின் மைதானத்தில் ஒண்டிக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் சங்கம் ஒரு நிபந்தனை போட்டது. உறுப்பினர்கள் எல்லோரும் வந்து ஓர் ஆட்டம் பார்ப்பார்கள். அன்றைக்கே கைதூக்கி ஓட்டுப் போடுவார்கள். பிடித்தால் மைதானம் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் அணியைக் கலைத்துவிட்டு நான் பழையபடி விவசாயிகளிடம் தானியக் கொட்டகை விற்கப் போகலாம். ஊரில் வேறு மைதானம் கிடையாது. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துப் புல்வெளியைக்கூடக் கேட்டுப் பார்த்தாயிற்று.

எங்கள் முதலாளி கலிஃபோர்னியாவில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், பாஸ்டனிலிருந்து ஓர் ஆளை அனுப்பி வைத்தார். பெயர் பிரெஸ்டன் வேக்லி. அவருடைய அட்டையில் ‘விளையாட்டுப் பண்பாட்டு மாற்ற வல்லுநர்’ என்று போட்டிருந்தது. அவர் எதையும் சொல்ல மாட்டார், பகிர்ந்துகொள்வார். கழிப்பறை எங்கே என்று கேட்பதைக்கூட என்னோடு பகிர்ந்துகொண்டார்.

சங்கக் கூடத்தில் அவர் திரை கட்டிப் படம் காட்டினார். இடப்பக்கம் ஃபுட்பால் அணிகள், வலப்பக்கம் உலகத்து ரக்பி அணிகள், நடுவே அம்புக்குறிகள்.

“உங்கள் இதயத்துக்கு நெருக்கமான அணி எதுவாக இருந்தாலும், அதன் ஆன்ம இரட்டையர் ரக்பியில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்” என்றார் பிரெஸ்டன். பணக்கார அணியின் ரசிகருக்குப் பாரிஸ். என்றைக்கோ ஜெயித்ததை இன்றைக்கும் பேசுகிற அணியின் ரசிகருக்கு வேல்ஸில் ஒன்று. பனியில் உட்கார்ந்து தோல்வியைப் பார்க்கிறவர்களுக்கு ஸ்காட்லாந்தில் ஒன்று. அம்பு மேல் அம்பு பாய்ந்துகொண்டே இருந்தது.

சங்கத்தின் செயலாளர் டோலோரெஸ் க்ரூப்கா எழுந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

“தம்பி, எனக்கு டல்லாஸ் டீம்னா ஆகவே ஆகாது. அந்த அம்பு எங்க போவுது?”

“புரியவில்லையே, மேடம்.”

“யாரைப் புடிக்கணும்னு சொல்லிக்கிட்டே போறீங்க. யாரைத் திட்டணும்னு ஒரு வார்த்தை இல்ல. திட்டாம எப்படிங்க ஆட்டம் பாக்கறது?”

கூடம் முழுக்க ஆமோதித்தது. பிரெஸ்டன் புன்னகைத்தார். “ரக்பியின் அடித்தளமே பரஸ்பர மரியாதைதான்.”

“அது சர்ச்லயே கெடைக்குது. அதுக்கு எதுக்கு டிக்கெட்?”

பின்வரிசையிலிருந்து தலைவர் வெர்லின் ஹோக்லண்ட் கை தூக்கினார். டிராக்டர் டயர் விற்றவர். உடம்பும் அந்த அளவுதான். அவர் தலையசைக்காமல் அந்தச் சங்கத்தில் ஒரு கையும் மேலே போகாது.

“ஹெல்மெட் உண்டா?”

“கிடையாது.”

“தோளுக்கு?”

“கிடையாது.”

“மூளை?”

பிரெஸ்டன் அடுத்த படத்துக்குப் போனார். ரக்பியின் வரலாறு, தத்துவம், பந்தின் வடிவம், அந்த வடிவத்தின் தத்துவம் என்று எதையும் விடவில்லை. ஆட்டம் மதியம் ஆரம்பிக்கும் என்று நான் சொன்னேன். எப்போது முடியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாது. ஃபுட்பால் ஆட்டம் மதியம் தொடங்கினால் பொழுது சாயும்போது முடியும் என்பது எங்கள் ஊரில் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு பிறக்கிற விஷயம். எண்பது நிமிஷத்தில் ரக்பி முடிந்துவிடும் என்பது எனக்குப் பழகிப்போனதால் சொல்லத் தோன்றவில்லை. பிரெஸ்டனின் அத்தனை படங்களிலும் அதற்கு இடமில்லை.

ஆட்டத்தன்று விடிவதற்கு முன்பே வண்டிகள் வந்துவிட்டன. மைதானத்து வண்டி நிறுத்துமிடத்தில் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, சமைத்துத் தின்பது எங்கள் ஃபுட்பாலின் முக்கியப் பகுதி. சிலருக்கு அதுவே முழுப் பகுதி. வெர்லினின் புகையடுப்பு ஒரு சிறு பேருந்து அளவு. சக்கரம் வைத்தது, லாரியில் கட்டி இழுத்து வருவார். அதற்குள் மாட்டு நெஞ்சுக்கறியை அடுக்கி, ஆட்டத்தின் கடைசி விசில் ஊதும்போது சரியாக வெந்திருக்கும்படி நெருப்பை வைப்பார். அந்தக் கணக்கு ஒருநாளும் தவறியதில்லை என்று ஊரே சொல்லும். அவரும் சொல்வார்.

எங்களோடு ஆட வந்திருந்தது பசிபிக் தீவு நாடான சமோவாவிலிருந்து சுற்றுப்பயணம் வந்த அணி. அவர்கள் பேருந்திலிருந்து இறங்க இறங்க, சங்கத்துக் கிழவர்கள் மாட்டுச்சந்தையில் நிற்பது போல நின்று பார்த்தார்கள்.

“அந்தப் பையனைப் பாருய்யா. தொடையா அது? நம்ம ஸ்கூல் டீமுக்குக் குடுத்தா மூணு வருஷம் ஜெயிக்கலாம்.”

“அவனுக்கு முப்பது வயசிருக்கும்டா.”

“ஃபெயில் ஆயிட்டான்னு சொல்லிக்கலாம்.”

ஆட்டம் தொடங்குகிற நேரம் வந்தது. உள்ளே இருக்கைகள் காலியாக இருந்தன. நான் வெர்லினிடம் ஓடினேன்.

“தலைவரே, ஆரம்பிச்சுட்டாங்க.”

அவர் நெருப்பைக் கிளறினார். “ஆரம்பிக்கட்டும். நாங்க வராம முடிஞ்சிருமா?”

முதல் கால்பகுதியில் உள்ளே போவது எங்கள் ஊரில் கௌரவக் குறைவு. அது மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரம் பந்திக்கு உட்காருவது மாதிரி. நான் கெஞ்சினேன். பிரெஸ்டன் என் தோளில் கை வைத்தார். “அவர்களுடைய தாளத்தை அவர்களே கண்டடையட்டும், கேரி.”

அவர்கள் தாளத்தைக் கண்டடைந்து, தட்டைக் கழுவி, உள்ளே வந்து உட்கார்ந்தபோது இடைவேளை விசில் ஊதியது. யாருக்கோ அடிபட்டுவிட்டது போல என்று சொல்லிக்கொண்டு, பாதிப் பேர் தக்காளிச் சாறு கலந்த பீர் வாங்க எழுந்து போனார்கள். அவர்கள் வரிசையில் நின்று வாங்கித் திரும்புவதற்குள் சமோவா இரண்டு முறை கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிவிட்டது.

இரண்டு பக்கத்தாரும் தோளோடு தோள் பிணைந்து, குனிந்து, தலைகளை நடுவே கோத்துத் தள்ளுகிற கட்டம் ஒன்று உண்டு. ஸ்க்ரம் என்பார்கள். டோலோரெஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“என்னப்பா அது, சாவி தொலைஞ்சு போச்சா?”

பிரெஸ்டன் மைக்கைப் பிடித்திருந்தார். “அன்பர்களே, இதை உங்கள் ஃபுட்பாலின் நான்காவது முயற்சியோடு ஒப்பிட்டால்” என்று தொடங்கி, ஒப்பிட்டு முடிப்பதற்குள் பந்து இந்தக் கோடிக்குப் போய் அந்தக் கோடிக்கு வந்து மறுபடி இந்தக் கோடிக்குப் போனது. ஜனங்கள் மைதானத்தைப் பார்ப்பதா, ஒலிபெருக்கியைப் பார்ப்பதா என்று தெரியாமல் பீரைப் பார்த்தார்கள்.

விசில். ஆட்டக்காரர்கள் கைகுலுக்கினார்கள். ஒரு அணி இரண்டு வரிசையாக நின்று கைதட்ட, மற்ற அணி நடுவே நடந்து போனது. சங்கம் உட்கார்ந்தே இருந்தது.

“நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் வெர்லின். “அடுத்த பாதி எப்போ?”

“முடிஞ்சிருச்சு, தலைவரே.”

“எது?”

“ஆட்டம்.”

அவர் சூரியனைப் பார்த்தார். அது இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தது. பிறகு வண்டி நிறுத்துமிடத்தின் பக்கம் திரும்பி, அங்கே எழும்பிக்கொண்டிருந்த புகையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் ஒரே ஒரு முறைதான் அதற்கு முன்பு பார்த்திருக்கிறேன், அவர் அண்ணனை அடக்கம் செய்த அன்று.

“இதுக்குப் பேரு ஆட்டமா? ஆட்டத்துக்கு முன்னாடி போடற விளம்பரம்யா இது. கறி பாதிகூட வேகல.” எழுந்து நின்றார். “ஓட்டெடுத்துரலாம். இங்கயே.”

என் மனக்கண்ணில் தானியக் கொட்டகைகள் வரிசையாக வந்து நின்றன.

“ஒக்காருங்க” என்றாள் டோலோரெஸ். “கறி வெட்டாம ஓட்டெடுக்கக் கூடாது. அது நீங்க போட்ட விதிதான். போன தடவை பசியோட ஓட்டுப் போட்டு, அந்தத் திருடனைப் பொருளாளராக்கினோமே, மறந்துட்டீங்களா?”

விதி விதிதான். எல்லோரும் அடுப்படிக்குத் திரும்பினார்கள்.

அங்கே இன்னொரு தலைவலி காத்திருந்தது. ரக்பியில் ஆட்டம் முடிந்ததும் வந்த அணிக்கு வீட்டு அணி சோறு போட்டாக வேண்டும். அதைச் செய்யாத கிளப்பை உலகத்தில் எவனும் மதிக்க மாட்டான். நான் ஏற்பாடு செய்திருந்த சாப்பாட்டைப் பிரெஸ்டன் ரத்து செய்து, அதற்குப் பதிலாக ‘அனுபவக் காணொளி’ ஒன்றுக்குச் சொல்லியிருந்தார். குளித்துவிட்டு வந்த சமோவாக்காரர்கள், காணொளியைத் தின்ன முடியாது என்று தெரிந்ததும், புகை வந்த திசையில் நடந்தார்கள்.

அவர்களுடைய கேப்டன் லஃபாயெலே, ஒரு வீட்டின் முன்கதவு நடந்து வருவது போல வந்தான். புகையடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினான். மூடிக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தான்.

“எப்பண்ணே வேகும்?”

“பொழுது சாயணும்” என்றார் வெர்லின் விறைப்பாக.

“சாயட்டும். நெருப்பு அருமையா இருக்கு. யாரு சொன்னாலும் அவசரப்படுத்திராதீங்க.”

வெர்லின் அவனை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “காலையிலேர்ந்து ஒருத்தன்கூட இதைச் சொல்லல.”

டோலோரெஸ் அண்டாவைத் திறந்தாள். பீன்ஸும் கொத்துக்கறியும் போட்ட காரக்குழம்பு, கூடவே பட்டைத்தூளும் சர்க்கரையும் சுருட்டிய இனிப்பு ரொட்டி. இரண்டையும் சேர்த்துத் தின்பது எங்கள் வழக்கம். வெளியூர்க்காரர்களின் முகத்தை அப்போதுதான் பார்க்க வேண்டும். பிரெஸ்டன் காலையில் இதைப் பார்த்துவிட்டு, தனக்கு ஒவ்வாமை இருப்பதைப் பகிர்ந்துகொண்டிருந்தார். லஃபாயெலே ரொட்டியைக் குழம்பில் முக்கி, வாயில் போட்டு, தட்டை மறுபடி நீட்டினான். அவனுக்குப் பின்னால் அணி முழுக்க வரிசை கட்டியது.

“இவனுங்களைத் திட்ட மனசு வரல” என்றாள் டோலோரெஸ் என்னிடம். “இதான் உங்க ஆட்டத்துல எனக்குப் பிரச்சினை.”

அப்போது காற்று திரும்பியது. வடக்கிலிருந்து புறப்பட்டு நேராக அடுப்பின் வாய்க்குள் போனது. உள்ளே நெருப்பு உறுமியது.

“போச்சு” என்றார் வெர்லின். “வெளிய கருகிரும், உள்ள பச்சையா நிக்கும். திருப்பணும். லாரி எங்க?”

லாரி நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் வண்டிகள், மேசைகள், கூடாரங்கள். பிரெஸ்டன் முன்வந்தார். “இந்தச் சவாலைப் பற்றி ஒரு சிறு குழுவாக உரையாடினால்?”

“தள்ளிக்கோங்க சார்” என்றான் லஃபாயெலே. திரும்பித் தன் மொழியில் ஏதோ சொன்னான். அவனுடைய ஆட்களும் எங்கள் ஆட்களும் தோள் பிணைத்துக் குனிந்து, புகையடுப்பின் சட்டத்தில் தோளைக் கொடுத்தார்கள்.

“இடிக்காம போகணும்டா” என்றார் வெர்லின் தவிப்போடு. “கறி ஆடக்கூடாது.”

“அப்ப எல்லாரும் ஒரே மூச்சுல தள்ளணும்ணே. ஆள் பத்தாது. நீங்களும் வாங்க.”

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். அவருக்குப் பின்னால், ஒரு காலத்தில் ஹெல்மெட் மாட்டி முட்டிய கிழவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். முட்டிகள் பட்டாசு மாதிரி வெடித்தன. யாருடைய வயிறு எங்கே முடிந்து யாருடைய முதுகு எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. டோலோரெஸ் சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கட்டைகளை உதைத்துத் தள்ளினாள்.

“ஓ, சாவி தேடினது இதுக்குத்தானா” என்றாள். பிறகு பேருந்தின் கடைசி இருக்கை வரை போகிற அந்தக் குரலில், “தள்ளு!”

சிறு பேருந்து அளவு அடுப்பு நகர்ந்தது. தொட்டிலை நகர்த்துவது போல, ஒரு பொறிகூடத் தெறிக்காமல் அரைவட்டம் திரும்பி, காற்றுக்கு முதுகு காட்டி நின்றது. நெருப்பு அடங்கியது. கீழேயிருந்து வெர்லினின் குரல் கேட்டது. “யாருய்யா என் காதைப் புடிச்சிருக்கறது?”

“நாந்தாண்ணே. பிடிப்புக்கு வேற எதுவும் கெடைக்கல.”

பொழுது சாய்ந்தது. அதுவரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சமோவாக்காரர்கள் பாடினார்கள். கிழவர்கள் இன்னும் இரண்டு வண்டிகளைத் தள்ளிப் பார்த்தார்கள், காரணமே இல்லாமல். யார் ஜெயித்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாங்கள் மோசமாகத் தோற்றிருந்ததால் நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெர்லின் மூடியைத் திறந்து, கறியை வெட்டி, முதல் துண்டை லஃபாயெலேயின் தட்டில் வைத்தார். பிறகு கத்தியை உயர்த்திக்கொண்டு, “சரி, வேணுங்கறவங்க கை தூக்குங்க” என்றார்.

எல்லாக் கைகளும் மேலே போயின. அது மைதானத்துக்கா கறிக்கா என்று யாரும் விளக்கவில்லை. டோலோரெஸ் நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள்.

“தீர்மானம் நெறைவேறியாச்சு” என்றாள்.

“நான் கறியக் கேட்டேன்” என்றார் வெர்லின்.

“கறி வெட்டின பொறவு தலைவர் கை தூக்கச் சொன்னா அது ஓட்டுதான். நீங்க போட்ட விதி.”

வெர்லின் கத்தியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், தட்டோடு வரிசையில் நின்ற அத்தனை தோள்களையும் பார்த்தார். “சரி, இருந்துட்டுப் போகட்டும்.”

தூரத்தில் பிரெஸ்டன் கலிஃபோர்னியாவுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அம்புக்குறிகள் நன்றாக வேலை செய்ததாகப் பகிர்ந்துகொண்டிருந்தார்.

வெர்லின் என் தட்டில் இரண்டு துண்டு வைத்தார். பிறகு என்னைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தினார்.

“கேரி, அடுத்த வருஷமும் இதே மாதிரி சட்டுனு முடிஞ்சிரும்ல?”

“முடிஞ்சிரும், தலைவரே.”

“நல்லது” என்றார் அவர், கறியை மென்றுகொண்டே. “இன்னும் கொஞ்சம் முன்னாடியே முடிச்சாலும் எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.”