இவருக்கு நான் பொறுப்பு

1994 ஏப்ரல் பதினாறாம் தேதி, சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் ஆர்டித் லண்ட் என்கிற அம்மாள் பதினோரு பவுண்டு எடை கூடினார். அன்றைக்கு அவர் சாப்பிட்டிருந்தது ஒரு கிண்ணம் பீன்ஸும் பாதித் துண்டு ரொட்டியும். தீவனக் கடைத் தராசில் ஏறிப் பார்த்தபோது கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் சாட்சி இருந்தார்கள். அதே நேரத்தில் இரண்டாயிரம் மைல் கிழக்கே, துப்பாக்கி உரிமைக் கூட்டமைப்பின் நிர்வாகக் குழு ஒரு பெரிய ஓட்டலில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆர்டித் ஆதரித்து அனுப்பிய வக்கீல் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். அவர் இறாலை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது பிறகு தெரியவந்தது. ஹார்லன் ஃபோர்க்கில் யாரும் ஆச்சரியப்படவில்லை. மொண்டானாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஆறு வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

கூட்டமைப்புக்கு நாடு முழுக்க உறுப்பினர்கள். நிர்வாகக் குழுவில் அறுபது பேர். வருஷத்துக்கு இருபது பேர் மூன்று வருஷத்துக்குத் தேர்வாவார்கள். பிப்ரவரி மாதப் பத்திரிகையின் நடுவில் ஓட்டுச்சீட்டை வைத்துத் தைத்து அனுப்புவார்கள். கூடவே வேட்பாளர்களின் படமும், ஆளுக்கு எட்டு வரியும். எட்டு வரியும் எல்லோருக்கும் ஒன்றேதான். எல்லோருக்கும் தாத்தா கொடுத்த துப்பாக்கி ஒன்று இருந்தது, எல்லோரும் சுதந்திரத்தை நேசித்தார்கள், எல்லோரும் நாய் வளர்த்தார்கள். இதில் யாருக்குப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் எங்கள் பக்கத்து ஜனங்கள் ஆர்டித்தின் ஒற்றைத் தாளுக்குக் காத்திருந்தார்கள். ஆர்டித் எங்கள் துப்பாக்கிக் கழகத்தின் செயலாளர். வருஷா வருஷம் லூத்தரன் சர்ச்சின் நகல் இயந்திரத்தில் அறுநூறு பிரதி எடுத்து, ஐந்து மாநிலங்களுக்குத் தபாலில் அனுப்புவார்.

ஆதரவு கேட்டு வருகிறவர்களை அவர் பேசவே விடமாட்டார். வீட்டுக்குப் பின்னால் மேய்ச்சல் நிலத்தில் நாலு வரி முள்கம்பி வேலி இருந்தது. தோட்டா போட்ட துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்து, "அந்தப் பக்கம் போங்க" என்பார். விஷயம் தெரிந்தவர் தோட்டாவை வெளியே எடுத்து, உள்ளே காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, குழாயை ஆளில்லாத பக்கம் திருப்பிக் கம்பிக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் வேலியைத் தாண்டுவார். தோட்டாவோடு தாண்டினவர்கள், அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத் தாண்டினவர்கள், "காலியாத்தான் இருக்கும்" என்று பார்க்காமலே சொன்னவர்கள் எல்லோருக்கும் ஒரு காபி கிடைத்தது, அதோடு சரி. மாநில சட்டசபை உறுப்பினர் ஒருவர் கால்சட்டையின் பின்பக்கத்தை அந்தக் கம்பியிலேயே விட்டுவிட்டுப் போனார். அந்தத் துணி இரண்டு குளிர்காலம் அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

தேறினவரின் பெயரைத் தாளில் எழுதுவார். மற்ற ஊர்க்காரர்கள் பெயருக்குக் கீழே "அஞ்சாத தலைவர்", "நம் உரிமையின் காவலர்" என்றெல்லாம் எழுதுவார்கள். ஆர்டித் 1988இல் முதல் தாளில் மூன்றே சொல் எழுதினார்: இவருக்கு நான் பொறுப்பு. எழுதியது அப்படியே பலித்துவிட்டது. அந்தத் தாளில் பெயர் வந்த வால்ட் கிம்ப்ரோ என்கிற ஆட்டுப் பண்ணைக்காரர் தலைமையகத்தில் ஏசிக் குளிரில் தும்மினால், இங்கே ஜூலை வெயிலில் ஆர்டித் தும்மினார். நல்லதும் வந்து சேரத்தான் செய்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு நடத்த வேண்டும் என்று வால்ட் தனியாளாக வாதாடி ஜெயித்த நாளில், ஆர்டித்தின் இடுப்பு வலி போய்விட்டது. ஒரு மாதம் திரும்பி வரவே இல்லை. அந்த மாதத்தில் நடந்த இரண்டு கல்யாணங்களிலும் அவர் விடியும்வரை ஆடினார்.

வேலியை ஒழுங்காகத் தாண்டியவர்களும் சில பேர் ஓட்டலில் வழுக்கிவிட்டார்கள், அதுதான் சங்கடம். வக்கீலின் பதினோரு பவுண்டைக் குறைக்க அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. 1997இல் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் மகாசபையில் உறுப்பினர்களிடம் கூசாமல் பொய் சொன்னார். ஆர்டித்தின் நாக்கு ஒன்பது நாள் கறுத்துக் கிடந்தது. கடைசியில் கர்னலுக்கு ஓட்டல் லிப்டில் மாரடைப்பு வந்தபோது, இங்கே சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்த ஆர்டித் கரண்டியோடு சரிந்தார். கர்னல் ஒரு வாரத்தில் எழுந்து கோல்ஃப் ஆடப் போய்விட்டார். ஆர்டித் எழுந்தது சக்கர நாற்காலிக்கு. கைத்தடியை ஊன்றி, யாராவது தூக்கிவிட்டால் நாலு அடி நடப்பார்.

டாக்டர் பெல்லமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு ஆளுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டீங்கன்னா நான் வைத்தியம் பாக்க வர மாட்டேன், சாவுக்குத்தான் வருவேன். ஆதரிக்கிறேன்னு மட்டும் எழுதுங்களேன், அது போதாதா?"

"அப்புறம் எனக்கும் அந்தப் பத்திரிகைக்கும் என்ன வித்தியாசம் டாக்டர்?" என்றார் ஆர்டித்.

அதனால் ஏழு வருஷம் தாள் வரவில்லை. ஓட்டுச்சீட்டுகள் எங்கள் வீடுகளில் காபிக் கோப்பைக்கு அடியில் கிடந்து வட்ட வட்டமாகக் கறை பிடித்தன. உறுப்பினர்கள் நூறு பேரில் நாலு பேர்கூட ஓட்டுப் போடாததைப் பார்த்த குழுத் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. இனிமேல் உறுப்பினர்கள் யாரும் கையெழுத்து வாங்கி வேட்பாளராக நிற்க முடியாது, குழு காட்டுகிற ஆட்கள்தான் குழுவுக்கு வர முடியும் என்று 2005 ஏப்ரலில் விதியைத் திருத்தப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதைத் தடுக்க விதிப்புத்தகத்தில் ஒரே ஒரு பழைய வழி இருந்தது. குழுவில் ஒருவராவது எழுந்து நின்று, தன் ஆட்சேபத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாயால் படித்து முடித்துவிட்டால், திருத்தம் எல்லா உறுப்பினர்களின் ஓட்டுக்கும் தபாலில் போயாக வேண்டும். நடுவில் உட்கார்ந்துவிட்டால் ஆட்சேபம் செல்லாது. அறுபது பேரில் அப்படி நிற்க ஆள் இல்லை.

மெர்ல் ஸ்டோக் நிற்கிறேன் என்றான். இருபத்தாறு வருஷமாக எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவன், பனிப்புயலிலும் ஒரு பிள்ளைக்குக் கீறல் விழாமல் வீடு சேர்த்தவன், தங்கமான மனுஷன். ஆனால் திக்குவாய். நாய்களிடமும் குழந்தைகளிடமும் சரளமாகப் பேசுவான். பெரியவர்கள் மூன்று பேர் கூடிவிட்டால் தன் பெயரைச் சொல்லவே அவனுக்கு அரை நிமிஷம் ஆகும். கையெழுத்தெல்லாம் வாங்கி முடித்து, ஜனவரியில் ஆர்டித் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஆர்டித் பின்வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தபடி அவனையும் வேலிக்குத்தான் அனுப்பினார். அவன் தோட்டாவை எடுத்தான், விரலை விட்டுப் பார்த்தான், அவரிடமும் காட்டினான், துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டு வேலியைத் தாண்டினான். பிறகு திரும்பி வந்து, மேல்கம்பியைத் தூக்கிக் கீழ்க்கம்பியைப் பூட்ஸால் மிதித்துக்கொண்டு நின்றான்.

"என்னடா பண்றே?"

"நீ-நீங்களும் வாங்கக்கா. ஏழு வருஷமாச்சு அ-அந்தப் பக்கம் போயி."

போகவில்லை, பனி முழங்கால் ஆழம் கிடந்தது. ஆனால் அவன் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை ஆர்டித் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ வாயத் தொறந்தா சிரிப்பாங்க, கத்துவாங்க. உக்காருடாம்பாங்க. எவ்வளவு நேரம் நிப்பே?"

"இ-இருபத்தாறு வருஷமா உக்காந்தேதானே வேலை பாக்கறேன். கொ-கொஞ்சம் நின்னா காலுக்கு நல்லதுக்கா."

அன்று சாயங்காலமே ஆர்டித் தாளை எழுதிவிட்டார். ஒரே பெயர். கூடவே ஒரு குறிப்பு: இருபது பேருக்குப் போடலாம் என்று சீட்டில் இருக்கும், மெர்லுக்கு மட்டும் போட்டுவிட்டு மற்ற கட்டங்களைக் காலியாக விடுங்கள், அப்போதுதான் உங்கள் ஓட்டு அவனுடைய போட்டியாளர்களுக்கு உதவாமல் இருக்கும். உறையின் வெளியே கையெழுத்துப் போட மறக்காதீர்கள். அடியில் அந்த மூன்று சொல். எழுதினது தன் சாவுச்சீட்டு என்று அவருக்குத் தெரியும். தன்னைப் புதைக்கும்போது போட்டுவிட வசதியாக, பீரோவிலிருந்து நல்ல நீல உடுப்பை எடுத்துக் கண்ணில் படுகிற மாதிரி நாற்காலியில் போட்டு வைத்தார்.

மறுநாள் அறுநூறு உறைகளோடு ஆர்டித் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனபோது, தபால்காரர் ட்வைட் கோஸ்டர் ஒரு உறையைப் பிரித்துப் படித்தார். அது குற்றம் என்று அவருக்கே தெரியும். படித்துவிட்டு முத்திரையை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

"இதுல என் பேரும் இருந்தாத்தான் அனுப்புவேன். மேல புகார் குடுக்கணும்னா குடுங்க, அந்தக் கடுதாசியையும் நான்தான் அனுப்பணும்."

"உனக்கெதுக்குடா இந்த வம்பு?"

"ஒரு மூட்டைய ஒரு ஆள் தூக்கினா முதுகு போகும். பாதிப் பாதி தூக்கலாமில்ல."

நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வரிசையில் சேர்ந்தார்கள். மத்தியானத்துக்குள் வரிசை தானியக் கிடங்குவரை நீண்டது. பாதிரியார் கையெழுத்துப் போட்டார், ஏலக்காரர் போட்டார், நானும் போட்டேன். டாக்டர் பெல்லமி திட்டிக்கொண்டே போட்டார். பள்ளி நூலகத்தில் இருக்கும் பெவ் ஆன்ஸ்லி வந்து நின்றபோதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை, எங்கள் கழகத்தை எதிர்த்து உள்ளூர்ப் பத்திரிகைக்கு நாலு கடிதம் எழுதியவர். "எனக்குத் துப்பாக்கி ஆகாது. ஆர்டித் ஆகும். பேனாவக் குடுங்க" என்றார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தாளை மறுபடி நகல் எடுத்தபோது கடைசி வரி "இவருக்கு நாங்கள் பொறுப்பு" என்று ஆயிற்று. எங்கள் ஊரைப் பற்றி நான் பெருமைப்பட்ட நாட்கள் குறைவு. அன்றைக்குப் பட்டேன்.

ஒற்றை ஓட்டுப் போடுவது லேசாக இருக்கவில்லை. தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் வளர்ந்தவர்கள் நாங்கள். பத்தொன்பது கட்டங்களைக் காலியாகப் பார்க்கக் கை அரித்தது, சிலர் சீட்டை மனைவியிடம் கொடுத்து ஒட்டச் சொன்னார்கள். மெர்ல் இருபதாவது ஆளாக, முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் உள்ளே போனான். மார்ச்சில் அவன் கோழிக்கூண்டுக்கு ஆணி அடிக்கும்போது கட்டைவிரலில் சுத்தியலைப் போட்டுக்கொண்டான். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இடது கட்டைவிரலில் கொசு கடித்தது. மார்ச்சில் எங்கள் ஊரில் கொசு ஏது? டாக்டர் அதை எழுதி வைத்துக்கொண்டு முதல் முறையாக நிம்மதியாகத் தூங்கினார். ஆனாலும் கொசுக்கடி வேறு, ஒரு மண்டபம் முழுக்கச் சேர்ந்து கத்துவது வேறு. ஆர்டித்தின் நெஞ்சு தாங்குமா என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் நாலாவது சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஊர் முழுக்க வாய் திக்கியது. மாட்டுச் சந்தையில், மூச்சு விடாமல் விலை கூவுகிற ஏலக்காரர் எழுபத்தி-எழுபத்தி என்று அங்கேயே நின்றுவிட்டார். சர்ச்சில் ஒரு கல்யாணப் பெண் "ச-ச-சம்மதம்" என்று சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. அடுத்த நொடி உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றோம். குளித்துக்கொண்டிருந்தவர்கள் தொட்டியில் எழுந்து நின்றார்கள். ட்ராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர் பிரேக்கைப் போட்டுவிட்டு அதன் மேலேயே நின்றார். காது சூடாயிற்று, முகத்தில் ஆலங்கட்டி மழை அடிக்கிற மாதிரி இருந்தது. அங்கே மண்டபத்தில் மேஜையைத் தட்டி, சிரித்து, உட்காரு உட்காரு என்று கத்திக்கொண்டிருந்தார்களாம். மெர்ல் படித்துக்கொண்டிருந்தது ஒன்றரைப் பக்கம். எங்கள் முழங்கால்கள் பத்தொன்பது நிமிஷம் மடங்கவில்லை. அந்த ஆட்சேபத்தால் திருத்தம் தபால் ஓட்டுக்குப் போனதும், இலையுதிர் காலத்தில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றதும் கூட்டமைப்பின் நடவடிக்கைக் குறிப்பிலேயே இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றது அதில் இல்லை, அவர்களுக்குத் தெரியாது.

ஆர்டித் அப்போது ரோண்டாவின் காபிக் கடையில் இருந்தார், அந்த நீல உடுப்பில். யாரும் தூக்கிவிடாமல், தடி இல்லாமல், சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பக்கத்தில் நின்ற டாக்டர் பெல்லமி பத்தொன்பது நிமிஷமும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே இருந்தார். பதினோரு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கையில் முழங்கால்கள் இளகின. கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்ததில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஆர்டித் மட்டும் உட்காரவில்லை.

ரோண்டாதான் பயந்துபோய் ஓடி வந்தாள். "முடிஞ்சிருச்சுக்கா. மெர்ல் உக்காந்துட்டான். நீங்களும் உக்காருங்க."

"உக்காந்துட்டான்னு தெரியுதுடி," என்றார் ஆர்டித். "இது நானாவே நிக்கிறது."

டாக்டர் அவருடைய கையை விட்டுவிட்டார். ரோண்டா அடுப்படிக்குப் போய்ச் சூடாக ஒரு கோப்பை காபி கொண்டுவந்து, நின்றபடியே குடிக்கட்டும் என்று அவர் கையில் கொடுத்தாள்.