அலறல் கூலி

விடிந்தும் விடியாத நேரத்தில் சிற்றாற்றுக் கரையில் மல்லாக்கப் படுத்துக் கிடப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஐப்பசி ஈரம் முதுகெலும்பில் ஏறும். மைதாவில் சிவப்புச் சாயம் குழைத்து நெற்றியில் அப்பியிருப்பார்கள். காயக் காயத் தோலை இழுக்கும். அந்தக் கோலத்தில், "எம்பிள்ளையக் காணலியே" என்று உலகம்மை தொண்டை கிழியக் கத்த வேண்டும். காலைக்குப் பத்துத் தடவை. வீட்டுக்குப் போனால் பேச்சே வராது, வெறும் காற்றுதான் வரும்.

கத்தலைக் கேட்டு ஓடி வருகிறவர்கள் பட்டாளத்து ஆஸ்பத்திரி நர்சுகளும் உதவியாளர்களும். குண்டு விழுந்த இடத்திலும் வெள்ளம் புகுந்த ஊரிலும் மனசு இடிந்து கிடப்பவர்களை எப்படித் தேற்றுவது, தேற்றுகிறவர்கள் தாங்களும் இடிந்துபோகாமல் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று அவர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி. சொல்லிக்கொடுப்பவள் ஷெர்லின் டீச்சர். இடமும் ஆளும் பிடித்துக்கொடுக்கும் காண்ட்ராக்டர் சுந்தரபாண்டி. வடகரையிலிருந்தும் அச்சன்புதூரிலிருந்தும் பன்னிரண்டு பெண்கள் அடிபட்டவர்களாக நடித்து அவருக்காக அலறினார்கள். வயல் வேலை கிடைக்காத மாதம். வயிறு சும்மா இருக்குமா?

போன வாரம் கூலியைக் குறைத்தார். படுத்துக் கிடப்பதற்குக் காசு கொடுப்பதே பெரிசு என்றார். அவர் விசில் ஊதும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, வேஷத்தை விட்டு வேறு வார்த்தை பேசக் கூடாது. மீறினால் அன்றைய கூலி போச்சு.

அன்றைக்கு மூன்றாவது நாளாக மழை மேகம் மூடி மலை கண்ணுக்கே தெரியவில்லை. மறுநாள் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம். ஒத்திகை தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று கரையில் படுத்தவர்களை ஆற்று நடுப் பாறைக்கு மாற்றினார் சுந்தரபாண்டி. கால் முறிந்தவளாக நடிக்க வேண்டிய சைதூன் பீவியின் வலக்காலை மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

உலகம்மையின் குதிகாலில் தண்ணீர் தட்டியது. திரும்பிப் பார்த்தாள். கலங்கல். இலையும் சுள்ளியும் சுழன்று வந்தன. மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கிவிட்டது.

"தண்ணி வருது, எந்திரிங்கட்டி!"

மற்றவர்கள் அவள் புதிதாக ஏதோ கத்துகிறாள் என்று தாங்களும் கூடுதலாக அலறினார்கள். பயிற்சிக்கு வந்திருந்த ஹவில்தார் ஸ்டான்லி ஓடி வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டான். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே மணிக்கட்டை மெல்லப் பிடித்தான்.

"பயப்படாதீங்கம்மா. நான் ஸ்டான்லி. உங்க கூடவே இருக்கேன். மெதுவா மூச்ச இழுத்து விடுங்க."

நிசமாகத்தான் சொல்லுகிறேன் என்றாள். அவன் பொறுமையாகத் தலையாட்டினான். கரையில் சுந்தரபாண்டி, இன்றைக்குத்தான் பொம்பளை உருப்படியாக நடிக்கிறாள் என்று மெச்சிக்கொண்டார். அடப்பாவிகளா, உண்மையைச் சொல்ல வேறு எந்தக் குரலுக்குப் போவாள் அவள்? நெற்றிச் சாயத்தை உள்ளங்கையால் வழித்து அவன் முகத்திலேயே அப்பினாள்.

"ஏலே, இது வேசம் இல்லலே. பின்னால பாரு."

பார்த்தான். அப்புறம் எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். கட்டுப்போட்ட காலோடு சைதூன் பீவியால் மட்டும் எழ முடியவில்லை. ஸ்டான்லி போய் அவளைத் தூக்குவதற்குள் ஒரு மரத்துண்டு உருண்டு வந்து அந்தக் காலிலேயே மோதியது.

அவளை ஆம்புலன்சில் ஏற்றிய கையோடு சுந்தரபாண்டி உலகம்மையிடம் ஒரு தாளை நீட்டினார். கரையில் வழுக்கி விழுந்தாள் என்று எழுதியிருந்தது. சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம்.

"நான் விசிலே ஊதலியே. யாரு ஒங்கள எந்திரிக்கச் சொன்னா?"

"நீங்க ஊதுதவரைக்கும் ஆறு காத்துக் கெடக்குமா அண்ணாச்சி?"

"நாளைக்கும் இதே பாறைதான். வராதவ இனிமே வரவே வேண்டாம். படுத்துக் கெடக்க ஆளா இல்ல ஊர்ல?"

உலகம்மை கையெழுத்துப் போடவில்லை. வேலை போய்விடுமே என்று அவளுக்குப் பயம்தான். நாளைக்கு யார் செத்துப்போவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சாயங்காலமே வீடு வீடாகப் போனாள்.

மறுநாள் விடியலில் பதினொரு பேரும் வந்தார்கள். மழையில் கரையிலேயே உட்கார்ந்தார்கள். சாயம் பூச ஒருத்தியும் முகம் கொடுக்கவில்லை. ஆற்றுக்குள் படுக்க மாட்டோம், ஆபத்து என்றால் யார் சொன்னாலும் ஒத்திகை நிற்க வேண்டும், சைதூன் பீவியின் வைத்தியம் காண்ட்ராக்டர் பொறுப்பு: கேட்டது இவ்வளவுதான். சுந்தரபாண்டி போனை எடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் புளியங்குடியிலிருந்து வேன் வந்தது. எலுமிச்சை மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கும் பெண்கள் இறங்கினார்கள். உலகம்மை எழுந்து போய் நடந்ததைச் சொன்னாள். அவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள். இரைச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. நஸீபா என்பவள் முதலில் செருப்பைக் கழற்றிப்போட்டு இவர்கள் வரிசையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"சொன்னதச் செய்யாதவளுக்கு இனி வேல கெடையாது. ஒங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன் டீச்சர், ஒத்திகைய ஆரம்பிங்க" என்று சுந்தரபாண்டி உறுமினார். ஷெர்லினும் அவரிடம் சம்பளம் வாங்குகிறவள்தான். கையிலிருந்த பயிற்சிப் புத்தகத்தை மூடினாள். ஆரம்பிக்கவில்லை.

மேட்டில் அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டது. வருகிறவர் யார் பக்கம் பேசுவாரோ, யாருக்குத் தெரியும். மலை இன்னும் இருண்டுதான் கிடந்தது. ஸ்டான்லி கூடப் பயிற்சி எடுக்கிறவர்களை அழைத்துக்கொண்டு வந்து உலகம்மைக்கு எதிரே ஈரத்தரையில் உட்கார்ந்தான்.

"நேத்து உங்க கையப் பிடிச்சிருந்தேன். ஆனா நீங்க சொன்னது என் காதுல ஏறலம்மா. அவர் வந்ததும் சொல்லுங்க. நாங்க எல்லாரும் கூட இருப்போம்."

ஜீப் நின்றது. உலகம்மை எழுந்தாள்; அவளோடு அத்தனை பேரும் எழுந்தார்கள். கத்திக் கத்திக் கிழிந்த தொண்டைதான். கத்தாமல், நிதானமாக, சைதூன் பீவி என்ற பெயரிலிருந்து ஆரம்பித்தாள்.