முழுக் கார்டு

எங்கள் சங்கத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நீங்க எப்படி ஆரம்பிச்சீங்க?"

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கால் ஆடுகிற மேசை, அதைச் சுற்றி நரைத்த தலைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பபிள்கம் பொட்டலத்தோடு வந்த கால்பந்து ஆட்டக்காரர்களின் கார்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, பல் விழுந்த வாயால் சண்டை போடுவோம்.

ஆரம்பக் கதை இல்லாதவர் அங்கே யாரும் இல்லை. ரொட்டிக்கடைக்காரர் கால் முறிந்து கட்டிலில் கிடந்தபோது அவருடைய மாமா தலையணைக்கடியில் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனாராம். பஸ் கண்டக்டர் பள்ளிக்கூட வாசலில் கோலி விளையாடி ஒரு கோல்கீப்பரை ஜெயித்தாராம். வருஷத்துக்கு ஒரு கோல்கீப்பராவது அந்தக் கதையில் கூடிக்கொண்டே போகிறார். என் முறை வந்தால் நான் சொல்வது, "எங்கம்மா அனுப்புனாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதற்காகச் சொன்னதில்லை.

என் அப்பா மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்த்தவர். ஒரே ஒரு வருஷம் பெரிய அணியில் இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆடினார் என்றால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ஒப்புக்குச் சப்பாணியாக. ஆனாலும் பபிள்கம் கம்பெனியிலிருந்து ஆள் வந்து அணியில் இருந்த எல்லோரையும் படம் பிடித்தபோது அவரையும் நிற்க வைத்துப் பிடித்தான். அதே அணியில்தான் 'ரயில்' இருந்தார். ஓடுகிற வேகத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. கம்பெனியும் கார்டில் அப்படியே போட்டது. பொட்டலம் கடைக்கு வந்ததும் பிரித்துப் பார்த்தால், மேலே என் அப்பாவின் முகம், அடியில் 'ரயில்' என்று கொட்டை எழுத்து.

எங்கள் ஊர்க் கடைகளைத் தாண்டும் முன்பே கம்பெனி விழித்துக்கொண்டு, ரயிலின் முகத்தைப் போட்டு மறுபடி அச்சடித்தது. அப்பாவின் பெயரில் கார்டு என்று ஒன்று அதற்குப் பிறகும் வரவில்லை. பெஞ்சில் இருந்தவனைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

அப்பா சிரித்தார். மில்லில் "என்னப்பா ரயிலு, இன்னிக்கு லேட்டா?" என்று கேலி செய்வார்கள். அவரும் "சிக்னல் விழலப்பா" என்பார். அதை வீட்டில் வந்து சொல்லி மறுபடியும் சிரிப்பார். அம்மாவுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை. அவள் சட்டைக் கம்பெனிக்காக வீட்டிலேயே பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக் கொடுத்தவள். அவளுடைய கத்திரிக்கோலை நாங்கள் யாரும் தொடக் கூடாது. ஒருநாள் அந்தக் கத்திரிக்கோலை எடுத்து, அப்பாவின் கார்டில் பெயர் இருந்த அடிப்பட்டையை ஒரே வெட்டாக வெட்டினாள். அந்த இடத்தில் வெள்ளைத்தாளை ஒட்டி அப்பாவின் பெயரை எழுதினாள்.

"ஊர் வாய மூட உலைமூடியா இருக்கு? விடு," என்றார் அப்பா.

"ஊர் வாய ஒண்ணும் பண்ண முடியாது. இத வெட்ட முடியும்ல?" என்றாள் அம்மா.

வீட்டில் இருந்த கார்டு முடிந்தது. தெருவில் இருந்தவற்றை என்ன செய்வது? அதற்குத்தான் நான். அம்மா எனக்குப் பொட்டலம் பொட்டலமாகப் பபிள்கம் வாங்கிக் கொடுத்தாள். தாடை வலிக்க மென்றேன். அதில் கிடைத்த கார்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், இதை வைத்துக்கொள், அந்தத் தப்புக் கார்டைக் கொடு என்று மாற்றிக்கொண்டு வருவேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அது அம்மாவின் உத்தரவு. ஊர்ப் பிள்ளைகள் எனக்குக் 'கார்டுக்காரி' என்று பெயர் வைத்தார்கள். கொண்டுவந்ததையெல்லாம் அம்மா வெட்டினாள், ஒட்டினாள், எழுதினாள். மற்றவர்கள் ஒரு கார்டு வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். நான் ஒரு கார்டு எங்கேயும் இருக்கக் கூடாது என்று ஆரம்பித்தவள்.

போகப் போக, மாற்றிக்கொள்வதற்காக வைத்திருந்த கார்டுகள் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. நெற்றியில் கட்டுப்போட்ட தடுப்பாட்டக்காரர், கண்ணை மூடிக்கொண்டு படத்துக்கு நின்ற கோல்கீப்பர், பின்பக்கத்தில் நிற்கும் அந்தச் சர்க்கரை வாசனை. கொடுக்க மனசு வராமல் ஒவ்வொன்றாக ஒளித்து வைத்தேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலைக்குப் போன பிறகும், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அது விடவில்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவள் வெட்டிய கார்டுகளும் என்னிடம் வந்தன.

சங்கத்தில் அந்தத் தப்புக் கார்டு பெரிய ஆள். சங்கத்துப் பல் டாக்டர் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒன்றைத் தவிர ஏன் எங்கேயும் கிடைப்பதில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். குடோனில் தீப்பிடித்தது என்பார் கண்டக்டர். கம்பெனியே திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டது என்பார் ரொட்டிக்கடைக்காரர். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருப்பதுபோல உட்கார்ந்திருப்பேன். தீயும் இல்லை, கம்பெனியும் இல்லை, எங்கள் வீட்டுக் கத்திரிக்கோல் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் வாயைத் திறக்க வேண்டிய நாள் வந்தது. பழைய கார்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சங்கம் ஒரு புத்தகம் போட ஏற்பாடானது. அதற்குப் பொறுப்பு பல் டாக்டர். பல்லைப் பார்க்கிற மாதிரியே கார்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர். அச்சுக்குப் போகிற தாளை அவர் காட்டினார். தப்புக் கார்டுக்கு நேரே இப்படி இருந்தது: 'படத்தில் இருப்பவர் யாரென்று தெரியவில்லை.'

"தெரியாம என்ன? அது எங்கப்பா!" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டிக்கடைக்காரர், "அத்தனையையும் வெட்டிப்போட்டாங்களா?" என்று, யாரோ செத்துப்போன செய்தியைக் கேட்டதுபோலக் கேட்டார்.

மறுவாரம் அம்மாவின் கார்டுகளைக் கொண்டுபோனேன். பல் டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. அடிப்பட்டை போனதுல பின்னாடி இருந்த நம்பரும் போயிடுச்சு. இது எந்தக் கார்டுன்னே சொல்ல முடியல. வேற ஏதோ ஒரு கார்டுல பேர ஒட்டினதுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான்."

"உங்ககிட்டதான் ஒண்ணு இருக்கே? அதோட வெச்சுப் பாருங்க."

அவர் எடுத்துக் காட்டினார். யாரோ ஒரு பிள்ளை மென்ற கம்மை முகத்தின் மேலேயே ஒட்டிப் பிய்த்திருந்தது. கழுத்துக்கு மேலே வெறும் அட்டை. கழுத்துக்குக் கீழே அணியில் எல்லோருக்கும் ஒரே சட்டை, ஒரே மாதிரி நிற்பு. அவர்களிடம் பெயர் இருந்தது, முகம் இல்லை. என்னிடம் முகம் இருந்தது, அச்சடித்த பெயர் இல்லை.

"ஒரு முழுக் கார்டு இருந்தா போதும்," என்றார் டாக்டர். "மாசக் கடைசிக்குள்ள கொண்டாங்க. அதுக்கு மேல அச்சுக்காரர் நிக்க மாட்டாரு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அப்பாவின் முகத்துக்கு அப்பாவின் பெயர் வர வேண்டும் என்றுதான் அம்மா வெட்டினாள். வெட்டியதால்தான் பெயர் வராமல் போகப் போகிறது. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்தப் புத்தகத்தை விட்டால் இன்னொன்று வரும்போது அவர் இருக்க மாட்டார். அவர் இருக்கும்போதே, அவர் கையில் கொடுத்து, இதோ பாருங்கப்பா என்று காட்ட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னால், "பேரு வந்து என்னம்மா ஆகப்போகுது? பெஞ்சு தேய்ச்சவனுக்குப் புக்கு வேறயா?" என்று சிரித்தார்.

யோசித்துக்கொண்டே இருந்தபோது பின்தெருப் பையன் ஒருவனுடைய ஞாபகம் வந்தது. ஊரெல்லாம் கொடுத்தபோதும் கொடுக்காதவன் அவன் ஒருத்தன்தான். ஒரு முழு அணியையே தருகிறேன் என்று கெஞ்சினேன். கதவைச் சாத்திக்கொண்டான். அவனுடைய அப்பா வைத்திருந்த குழாய்க்கடை இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. போனேன். குழாய் முழங்கைகளும் வாஷர்களும் தொங்கிக்கொண்டிருந்த கடைக்குள், வழுக்கைத் தலையோடு ஒருவர் ஒரு குழாய்க்கு மரை வெட்டிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கார்டுக்காரிதானே நீ?" என்றார். அடுத்த மூச்சில், "குடுக்க மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னும் வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருந்தா என்ன? ஐம்பது வருஷம் கழிச்சு மறுபடியும் வந்து நிக்கறியே, உனக்கு வேற வேலை இல்லியா?"

"குடுக்க வேணாம். ஒரு தடவ காட்டினா போதும்."

"வீட்டுக்காரிகிட்டயே காட்டினதில்ல. அதுதான் என் முதல் கார்டு."

அப்போதுதான், அம்மாவின் உத்தரவை மீறி, யாருக்காகக் கேட்கிறேன் என்று சொன்னேன். அவர் கையில் இருந்த குழாயைக் கீழே வைத்தார்.

"அவரு இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்காரு. வீட்டுலதான்."

"அப்ப ஒண்ணு பண்ணு. நீ எனக்கு அவரக் காட்டு. நான் உனக்குக் கார்டக் காட்டறேன்." எங்களுக்குள் நடந்த ஒரே மாற்று அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குப் பதிலாக எங்கள் வீட்டில் கூடினோம். பல் டாக்டர் பூதக்கண்ணாடியோடு வந்தார். குழாய்க்கடைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து வாசலிலேயே நின்றார். ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த அப்பா, "வாங்க வாங்க, ரயில் இங்கதான் நிக்குது, ஏறிக்கங்க," என்று கூப்பிட்டார். வந்தவர் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப்பையிலிருந்து எடுத்தார். முழுக் கார்டு. நாலு மூலையும் அப்படியே இருந்தன. முகமும் இருந்தது, அடியில் அந்தக் கொட்டை எழுத்தும் இருந்தது, பின்னால் நம்பரும் இருந்தது. டாக்டர் அதை அப்பாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத கோடு இரண்டிலும் இருந்தது. "போதும்," என்றார் டாக்டர், மெதுவாக.

"எனக்குப் போதாது," என்றார் குழாய்க்கடைக்காரர். அப்பாவின் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, இந்தக் கார்டு கெடைச்ச மாசம் எங்கப்பா என்னை மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ரயிலப் பாக்கணும்னு ஒரே அழுகை. போய்ப் பாத்தா என் ரயிலு பெஞ்சுல உக்காந்திருக்கு. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், உங்களுக்கு நேர் பின்னாடி நான். மைதானத்துல எவனோ ஓடறான், ஊரே அவனுக்குக் கை தட்டுது. நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. 'அவர எறக்குங்க, அவர எறக்குங்க'ன்னு கத்திக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் எறக்கல. தொண்டை கட்டி, மூணு நாள் பேச்சே வரல."

அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. நான் பிறந்ததிலிருந்து அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"நீயா அது?" என்றார்.

"கேட்டுச்சாய்யா உங்களுக்கு?"

"கேக்காம? அந்த வருஷம் முழுக்க எனக்காகக் கத்துனது ஒரே ஒரு குரல்தான். திரும்பிப் பாக்க வெக்கமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து இவ அம்மாகிட்ட சொன்னேன், ஒரு பையன் என்னைக் கூப்பிட்டான்டின்னு." குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். "ஆடாத என்னை உனக்கு எப்படித் தெரிஞ்சுது, என் பேரு யாரு சொன்னாங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

அந்தப் பையன் அவரை ரயில் என்று நினைத்துத்தான் கத்தினான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொய் சொல்லிவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று குழாய்க்கடைக்காரரைப் பார்த்தேன். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

"பேரு தெரியாதுங்கய்யா," என்றார். "பேரு அவங்க போட்டதுதான். மூஞ்சி தெரியும். அப்புறம் பேப்பர்ல நெஜ ரயிலோட படம் வந்துச்சு. எனக்குப் பிடிக்கல. இந்த மூஞ்சிக்காகத்தான் நான் கார்டே சேக்க ஆரம்பிச்சேன்."

அப்பா கார்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் முகத்தைத் தடவினார். பெயர்ப் பக்கம் விரல் போகவில்லை. எனக்கு அம்மாவின் நினைப்பு வந்து கண் கலங்கியது. அவள் இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும்.

டாக்டர் தாளை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "சார் பேரு என்னன்னு சொல்லுங்க, புக்குல போட்டுடறேன்," என்று என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கையைத் தூக்கித் தடுத்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இனிஷியலோடு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைச் சொன்னார். டாக்டர் எழுதி முடித்ததும் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பெரிய 'ற' போட்டிருக்கீங்க டாக்டர். சின்ன 'ர' வரணும்," என்றார். "அடிச்சு எழுதுங்க. இந்தத் தடவையாவது சரியா வரட்டும்."