துரைசானி திருத்திய சொல்

ஞானபூரணிக்குக் கால் வலிக்காத நாள் என்று ஒன்று இருந்ததா என்பது அவளுக்கே நினைவில்லை. சிவகாசி மிஷன் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் அவள்தான் மூத்த நர்ஸ். காலையில் வந்தால் விளக்கு வைக்கும்வரை நின்றபடிதான். தீபாவளி நெருங்க நெருங்கப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆர்டர் கூடும். இங்கே தீக்காயக்காரர்கள் கூடுவார்கள். கட்டில் போதாமல் தரையில் பாய் விரிப்பார்கள். குனிந்து குனிந்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போகும்.

அந்த அலுப்புக்கு நடுவே அவளுக்கென்று ஒரு சுகம் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். யாரும் பேசாத இங்கிலீஷ் வார்த்தைகள்! முன்பிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா கப்பலேறியபோது விட்டுவிட்டுப் போன, அட்டை கிழிந்த தடித்த அகராதி அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, சோறு வடித்த கையோடு அதைப் பிரிப்பாள். 'பார்பரிக்மஸ்' என்றால் வயிறு கடமுடவென்று உருளுகிற சத்தமாம். அதற்கும் ஒரு பேர் வைக்க வேண்டும் என்று எவனோ உட்கார்ந்து யோசித்திருக்கிறானே என்று நினைத்து நினைத்துச் சிரிப்பாள். 'லாசிட்யூட்' என்றால் உடம்பும் மனசும் சேர்ந்து ஓய்ந்து கிடப்பது. திருத்தங்கல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அந்தச் சொல்லைக் கன்னத்தில் ஒதுக்கிய கடலைமிட்டாய்போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்வாள்.

அவள் புருஷன் ராஜசிங் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார்.

"பரீட்சைக்கு வராத வார்த்தை. பேசலாம்னாலும் ஆள் கிடையாது. எதுக்கு ஞானம் இது?" என்பார்.

"சும்மாதாங்க" என்பாள்.

அறுபத்திரண்டாம் வருஷம், ஆஸ்பத்திரிக்குப் பால் பவுடரும் கோதுமையும் அனுப்புகிற சீமைச் சபையிலிருந்து ஒரு வயதான துரைசானி பார்க்க வந்தார். டாக்டர் கிறிஸ்துராஜ் ஞானபூரணியைக் கூப்பிட்டு, "சிஸ்டர், நீங்க ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல நன்றி சொல்லிருங்க" என்றார்.

அவளுக்குப் பயம்தான். ஆனாலும் எத்தனை வருஷமாய்ச் சேர்த்துவைத்தது! ஒன்றே ஒன்றை வெளியே எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. 'ஃபுட்' என்றால் மொட்டையாக இருக்கிறது. அதற்குப் பழைய சொல் ஒன்று அகராதியில் இருந்தது. எழுத்தைப் பார்த்து, 'ஆக்சுவல்' என்பதுபோலத்தான் இதுவும் என்று நினைத்து, 'விக்சுவல்ஸ்' என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள். பக்கத்தில் அச்சடித்திருந்த உச்சரிப்புக் குறிகளை அவள் என்றைக்கும் பார்த்ததில்லை. அவளுக்கு அவை எறும்பு ஊர்ந்த தடம்.

கூட்டம் வார்டு வராந்தாவில் நடந்தது. எழுந்து நடக்க முடிந்த நோயாளிகள் கதவோரம் வந்து பார்த்தார்கள். ஞானபூரணி நிமிர்ந்து நின்று, நீங்கள் அனுப்பிய 'விக்சுவல்ஸ்'களுக்கு நன்றி என்றாள். ஆஸ்பத்திரிக் கமிட்டி செக்ரட்டரி சீனிவாசகம் பக்கத்து ஆளிடம், "விஷுவல்ஸா? சினிமா காட்டுறாகளா?" என்று கேட்க, முன்வரிசை குலுங்கியது. மிச்சத்தை எப்படிச் சொல்லி முடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

துரைசானி எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி. ஆனால் காது மந்தம். மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்துவார். "அழகான பழைய சொல், மகளே! ஆனால் அதை 'விட்டில்ஸ்' என்று சொல்ல வேண்டும். விட்டில்ஸ்!" அந்த இங்கிலீஷ் வராந்தா முழுக்கக் கேட்டது.

வீட்டில் ராஜசிங் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஃபுட்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு" என்றார். குத்திக்காட்டவில்லை, அவருக்குத் தோன்றியது அது. ஞானபூரணி அகராதியை டிரங்குப் பெட்டிக்கு அடியில் தள்ளினாள். தனக்குள் வைத்திருந்த அத்தனை சொல்லும் இப்படித்தான் கோணல்மாணலாகக் கிடக்கிறதோ என்ற நினைப்பு வந்தபிறகு, எதை எடுத்தாலும் ருசிக்கவில்லை. பஸ்ஸில் இப்போது கால்வலி மட்டும்தான் கூட வந்தது.

அந்த வாரம் வார்டில் மாரித்தாய் என்று ஒருத்தி இருந்தாள். ஏழாயிரம்பண்ணைக்காரி. பட்டாசு மருந்து கலக்கிற அறையில் தீப்பற்றி, வலது கை முழங்கைவரை வெந்துபோயிருந்தது. கட்டுப் பிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். கண்ணோரம் மட்டும் தண்ணீர் வழியும். ஞானபூரணி துணியை நனைத்து நனைத்து உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுக்கக்கூட அவளிடம் தெம்பில்லை.

மாரித்தாய்தான் கேட்டாள். "நர்சம்மா, அன்னைக்கு அந்தத் தொரசாணி ஒங்க கையைப் பிடிச்சுக்கிட்டு விட்டிலு விட்டிலுன்னு கத்துனாகளே. என்னத்துக்கு?"

ஞானபூரணிக்கு முகம் சுண்டியது. "ஒண்ணுமில்ல. கையை ஆட்டாத."

"சொல்லுங்கம்மா. கட்டில்ல கெடந்து அதத்தான் ரோசிச்சுக்கிட்டு இருக்கேன். விளக்குல வந்து விழுமே, அந்த விட்டிலா?"

"இல்ல மாரித்தாயி. அவுக பாஷைல அது... திங்கிற சாமானுக்குப் பேரு."

"சாப்பாட்டுக்கா?"

"ஆமா. பழைய பேரு."

"அட கிறுக்குப் பயபுள்ளைகளா! சோத்துக்குப் போயி விட்டில்னா பேரு வைப்பானுக?" என்ற மாரித்தாய், குரலைத் தாழ்த்தி, "அங்கன மருந்து ரூமுல நாங்களும் சோத்துக்குத்தான போயி விழுகுறோம். அப்பிடிப் பாத்தா சரியாத்தான் வச்சிருக்கான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பில் கை அசைந்து வலித்தது; "யாத்தே" என்று கத்திக்கொண்டே மறுபடியும் சிரித்தாள்.

ஞானபூரணி முதலில் அந்த வெந்த கையைப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே விட்டாள். வேலைநேரத்தில் அவள் உட்கார்ந்து வார்டு பார்த்ததில்லை.

"இது மாதிரி இன்னும் இருக்காம்மா?"

"இருக்கு. ஆனா எனக்குச் சரியாச் சொல்லத் தெரியாது."

"இங்கன யாரு தப்புக் கண்டுபிடிக்கப் போறா? சொல்லுங்க."

ஞானபூரணி 'பார்பரிக்மஸ்' என்றாள். அர்த்தமும் சொன்னாள். பக்கத்துக் கட்டில் சோலையம்மாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "எங்க வீட்டு ஆளுக்கு ராப்பூரா அதுதேன்" என்றாள் அவள். சிரிப்பு ஓய்வதற்குள் கட்டு முழுதும் பிரிந்துவிட்டது.

மாரித்தாய் வீடு திரும்ப ஐப்பசி முடிந்துவிட்டது. இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. அந்தக் கையால் இனி மருந்து கலக்க முடியாது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிப் பிழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். கட்டில் ஒரு மணிநேரம்கூடக் காலியாக இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் கைகழுவுகிற இடத்தில் டாக்டர் கிறிஸ்துராஜ் நின்றிருந்தார். அவருக்கும் அலுப்பில் கண் இடுங்கிப் போயிருந்தது. ஞானபூரணி தயங்கித் தயங்கி, "டாக்டர், ஒரு வார்த்தை. பி, எச், டி, எச்னு ஆரம்பிக்கும். க்ஷய ரோகத்துக்குப் பழைய பேரு. அதை எப்படிச் சொல்லணும்? நான் 'ப்திசிஸ்'னு சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். கேலியாக ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் குறுகினாள்.

"தைசிஸ்" என்றார் அவர். "முதல் ரெண்டு எழுத்தை விட்டுரணும். எங்க புரொபசர் சொல்லுவார். கேட்டு எவ்வளவு காலமாச்சு! இப்பல்லாம் டி.பி.ன்னு முடிச்சுர்றோம்." சோப்பு நுரையோடு கையை நீட்டியபடியே இன்னொருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "தைசிஸ். நல்லாருக்கில்ல?"

"நல்லாருக்கு டாக்டர்" என்றாள் ஞானபூரணி.

திருத்தங்கல் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கால் விண்விண்ணென்று தெறித்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புதிதாய்ச் சரியாகிவிட்ட அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே நின்றாள்.