இருவரும் ஒரே நபரா?

திரையில் அம்பு தானாக நகர்ந்தது. நஜ்மாவின் கை மவுஸின் மேல் இல்லை. மேசைக்கு அடியில் விழுந்த பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தபோது அம்பு ஒரு பெயரின் மேல் நின்றது. பிறகு அடுத்த பெயருக்குப் போனது.

படூரிலிருந்து ஹேமந்த்தான் அதை நகர்த்துகிறான் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வாரம் முன்பு சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் இருக்கும் இந்தப் பல் கிளினிக்குக்கு அவன்தான் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். “ஏதாவது பிரச்சினைன்னா நான் அங்கேர்ந்தே பார்த்துக்குவேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனான். பிரச்சினை இல்லாத நேரத்தில் ஏன் பார்க்கிறான் என்பதுதான் நஜ்மாவுக்குப் புரியவில்லை.

பன்னிரண்டு வருடமாக அவள் இந்த வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நோட்டில் எழுதிய காலத்தில் ஒரு பெயர்கூடத் தொலைந்ததில்லை. இப்போது அணுபுரத்து டீச்சரின் எக்ஸ்ரே காணவில்லை. செவ்வாய்க்கிழமை வரவேண்டிய ஒருவர் பட்டியலிலேயே இல்லை. ஒவ்வொரு முறையும் டாக்டர் ஜெயகிருஷ்ணன் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை பெரியவர் வெங்கடராகவன் பல் பிடுங்க வந்தார். கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டர் திரையைப் பார்த்தார். ‘மாத்திரைகள்: எதுவும் இல்லை’ என்று இருந்தது. மரத்துப்போவதற்கான ஊசியைக் கையில் எடுத்தவர் சட்டென்று நின்றார்.

“சார், நீங்க மாத்திரை எதுவும் சாப்பிடலையா?”

“யார் சொன்னா? கார்த்தால நாலு போட்டுண்டேன். அதுல ஒண்ணு ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு. போன வருஷம் உங்ககிட்ட சீட்டே காட்டினேனே!”

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். இதய டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லிப் பெரியவரை அனுப்பிவிட்டு நேராக நஜ்மாவின் மேசைக்கு வந்தார்.

“இதுல நான் ஏத்தி வெச்சது எங்க போச்சு?”

“நான் அழிக்கல சார்.”

“பிடுங்கியிருந்தா ரத்தம் நின்னிருக்காது. தெரியுமா? மூணு வாரமா பாக்கறேன். உனக்கு இந்தக் கம்ப்யூட்டர் பிடிக்கல. வேணும்னே பண்றியோன்னு தோணுது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ வூட்லயே இருந்துக்கலாம்.”

வேணும்னே என்ற சொல்தான் அவளைக் குத்தியது.

“நான் இல்ல சார், அந்த ஹேமந்த்து! அவன் அங்க குந்திகினு கை வெக்கிறான். அம்பு தானா ஓடுது சார். இன்னா பாக்கறான், யாரு பேரை எடுக்கறான், யாருக்குத் தெரியும்?”

டாக்டர் திரையின் பக்கம் திரும்பினார். அந்தச் சந்தேகம் அவர் முகத்திலும் ஏறுவதை அவள் கண்டாள். படூர் இருக்கும் ஓஎம்ஆர் சாலைப் பக்கம் புதிதாக எத்தனையோ பல் கிளினிக்குகள் வந்துவிட்டன. நோயாளிகளின் பெயரும் போன் எண்ணும் அவர்களுக்கு வேண்டும்தானே? அவர் உடனே ஹேமந்தைக் கூப்பிட்டு, மாலை ஐந்து மணிக்கு நேரில் வரச் சொன்னார்.

மதியம் மேசை போன் அடித்தது. பெரியவரின் மருமகள் ஹம்சினி.

“ஞாயித்துக்கிழமைக்கு வெங்கடராகவனுக்கு டைம் போட்டுட்டேளா? நேத்தே போன்ல ஃபாரம் அனுப்பிச்சேனே.”

“பெரியவரு காலையிலயே வந்துட்டுப் போனாரேம்மா.”

“அவர் இல்லை, என் பையன். பால் பல் ஆடறது. மாமனார் பேரைத்தானே அவனுக்கு வெச்சிருக்கோம்.”

நஜ்மா மெதுவாகக் கேட்டாள். “இனிஷியலு?”

“அவனுக்கும் கே தான். மாமனாரோட அப்பா கிருஷ்ணசாமி. எங்காத்துக்காரரும் கிருஷ்ணசாமி, கிச்சான்னாதான் ஊர்ல தெரியும். எல்லாம் அதே பேர்தான் சுத்தி சுத்தி வரும் எங்களுக்கு” என்று ஹம்சினி சிரித்தாள்.

நஜ்மாவால் சிரிக்க முடியவில்லை. நேற்று திரையில் ஒரு மஞ்சள் பெட்டி வந்தது. இதே பெயர், இதே போன் எண் ஏற்கெனவே உள்ளது. இருவரும் ஒரே நபரா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று, போன் ஒன்று. வேறு யாராக இருக்க முடியும்? அவள்தான் ஆம் அழுத்தினாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு மாத்திரை எதுவும் இல்லை என்று அம்மா எழுதியது, தாத்தாவின் மாத்திரைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஐந்து மணிக்கு ஹேமந்த் வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை, டாக்டர் ஆரம்பித்துவிட்டார்.

“எங்க பேஷண்ட் பேரெல்லாம் எங்க போகுது?”

“எங்கயும் போகல சார். டெய்லி ஒருதடவை செக் பண்றேன், அவ்ளோதான்.”

“அப்ப யார் மாத்தினது? காட்டு.”

“காட்ட முடியாது சார். எல்லாரும் உங்க ஒரே பாஸ்வேர்டுல உள்ள வர்றீங்க. ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்கலாம்னு முதல் நாளே சொன்னேன். நீங்கதான் வேணாம்னு அதை எழுதி ஒட்டினீங்க.” அவன் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினான்.

“தப்பை என் மேல தள்ளாத. நாளையிலேர்ந்து நீ வரவேணாம். மத்த கிளினிக்குக்கும் சொல்லிடறேன் உன்னைப் பத்தி.”

ஹேமந்த் நஜ்மாவின் பக்கம் திரும்பினான். “அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா.”

யாருக்கும் தெரியாது. எந்த இடத்திலும் அவள் பெயர் பதியவில்லை. டாக்டரின் கோபம் அவளை விட்டு அவன் மேல் போய்விட்டது. பேசாமல் இருந்தால் போதும். நாளைக் காலை இதே நாற்காலியில் உட்காரலாம்.

“நான்தான் சார் அமுத்துனேன்” என்றாள்.

மஞ்சள் பெட்டியைச் சொன்னாள். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பதைச் சொன்னாள். இரண்டு பேருக்கும் கே எப்படி வருகிறது என்பதை விரல் மடக்கிச் சொன்னாள். “தம்பி மேல பழி போட்டது தப்பு சார். காலையில எனக்கே தெரியாது.”

டாக்டர் கேட்டபோது குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

“அந்தப் பெட்டி எத்தனை தடவை வந்துது?”

அவள் எண்ணிப் பார்த்தாள். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று. மூன்று வாரம். ஒவ்வொரு முறையும் ஆம். அணுபுரத்து டீச்சரின் எக்ஸ்ரேயும் அப்படித்தான் போயிருக்கும்.

“கோயில் ஊரு சார் இது” என்றான் ஹேமந்த் மெதுவாக. “வூட்டுக்கு வூடு ஒரு தாத்தா பேரு இருக்கும்.”

“அத்தனையும் சரிபார்க்கற வரைக்கும் ஒரு பல்லையும் தொடமாட்டேன்” என்றார் டாக்டர். “நீதான் கூப்பிட்டுக் கேக்கணும், நஜ்மா. முடிச்சதுக்கப்புறம் உன் வேலையைப் பத்திப் பேசுவோம்.” திரையிலிருந்த காகிதத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை நஜ்மா, ஹேமந்த் எடுத்துக்கொடுத்த ஒன்றாகிப்போன பெயர்களின் பட்டியலில் முதல் எண்ணை அழுத்தினாள்.

“பல் டாக்டர் கிளினிக்லேர்ந்து பேசறேன் சார். உங்க வூட்ல உங்க பேர்லயே இன்னொருத்தர் இருக்காங்களா?”

அந்தப் பக்கம் டிவியின் சத்தம் குறைந்தது.

“யாரும்மா நீ? எங்க வூட்டு ஆளுங்க பேரு உனக்கு இன்னாத்துக்கு?”

“கம்ப்யூட்டர்ல சரி பண்ணணும் சார்...”

“அதானே பாத்தேன். அடுத்து ஓடிபி கேப்பே. இதுமாதிரி எத்தனை பேரைப் பாத்துகினு கீறோம்! வையி போனை.”

நஜ்மா அந்தப் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டாள். இரண்டாவது எண்ணை அழுத்தி, இந்த முறை முதலில் தன் பெயரைச் சொன்னாள்.