புதன்கிழமை எம்பிலிப்பிட்டிய பஸ்

செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி இயந்திரம் எங்கள் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் நாள்கள். செவ்வாய்க்கு மறுநாளான புதன்கிழமையில்தான் உடம்பு ஓரளவு சொன்ன சொல் கேட்கும். ஆகவே, சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் ஏழரை மணி பஸ்ஸில் நானும் சுப்பம்மாவும் எங்கேனும் புறப்பட்டுவிடுவோம். அவள் கஹவத்தைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவள். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். ஆயினும், எங்களுக்குள் நெருக்கம் உண்டானது ஆஸ்பத்திரியின் அடுத்தடுத்த கட்டில்களில்தான்.

நாளொன்றுக்கு அரை லீற்றர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்பது டொக்டரின் உத்தரவு. செவ்விளநீர் அறவே கூடாது. அதிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதுபட்ட சிறுநீரகம் வெளியேற்றாது, இதயம் நின்றுவிடக்கூடும்.

கொழும்பிலிருக்கும் என் மகன் லியோன் ஒரு நிபந்தனையோடுதான் இந்தப் பயணங்களுக்குச் சம்மதித்திருந்தான்.

"ஒரு தடவ ஏதாச்சும் ஆச்சுன்னா, வேன் கொண்டாந்து உங்கள கொழும்புக்கே ஏத்திக்கிட்டுப் போயிருவேன். அங்கயும் டயலிசிஸ் இருக்கும்மா."

டயலிசிஸ் இருக்கிறதுதான். சுப்பம்மா இல்லை.

மூன்றாவது புதன்கிழமை எம்பிலிப்பிட்டியக் குளக்கட்டில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். செவ்விளநீர் விற்கும் சிங்கள அம்மா எங்கள் கைக்கட்டுகளைப் பார்த்து என்ன வருத்தம் என்று கேட்டாள். "வகுகடு" என்று சுப்பம்மா சிங்களத்தில் சொல்லிவிட்டாள். உடனே கத்தியைக் கையிலெடுத்தாள் அந்த அம்மா. சிறுநீரக நோய்க்குச் செவ்விளநீரே மருந்து என்று நம்பாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. தமிழ் வீடாயினும் சிங்கள வீடாயினும் ஒன்றுதான்.

"பொன்ன அம்மே, வகுகடுவலட்ட ஹொந்தய்," என்று இரண்டு காய்களைச் சீவி நீட்டினாள். குடியுங்கள் அம்மா, சிறுநீரகத்துக்கு நல்லது. காசு வேண்டாம் என்றும் சொன்னாள்.

பொட்டாசியத்தைப் பற்றி நான் அவளுக்குப் பிழையில்லாத சிங்களத்தில் ஐந்து நிமிடம் விளக்கினேன். தன் காய்களைக் குறை சொல்கிறேன் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். முகம் வாடிப்போயிற்று.

"பாவம் டீச்சர், மூஞ்சி செத்துப்போச்சு," என்று சுப்பம்மா ஒன்றை வாங்கினாள். "ரெண்டே மொடக்குதான்."

"கீழ வை, சுப்பம்மா."

"நீங்க பாடம் எடுத்து முடிச்சிட்டீங்கல்ல? நான் பரீட்ச எழுதிக்கிறேன்."

முழுக் காயையும் குடித்தாள்.

திரும்பும் வழியில், பஸ் கொடகவெலையைத் தாண்டும்போது, "டீச்சர், காலு ரெண்டும் யாரோடதோ மாதிரி இருக்கு," என்றாள். நடத்துநர் பஸ்ஸை நிறுத்தி ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அன்று மாலைக்குள் இயந்திரம் அவளைக் காப்பாற்றிவிட்டது. செய்தி லியோனுக்கும் எட்டிவிட்டது. சனிக்கிழமை வேனோடு வருவதாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை என் முறை முடிந்ததும் அவள் கட்டிலருகே சென்று அமர்ந்தேன்.

"கொழும்புக்குப் போயிருவீங்களா டீச்சர்?"

"உன் வாயால வந்தது."

"ஆசையா நீட்டுறவங்ககிட்ட எப்பிடி வேணாங்கிறது? நேர்த்தி வச்சிருக்கோம்னு சொல்லியிருந்தா, கும்புட்டு விட்டிருக்கும் அந்த அம்மா. நீங்கதான் பொய் சொல்ல மாட்டீங்களே!"

சொல்லமாட்டேன். ஆகையால், வீட்டுக்குப் போகும் வழியில் வழியோரச் சிலையான அந்தோனியார் சுருவத்தின் முன்னே நின்றேன். சாகும்வரை செவ்விளநீர் தொடுவதில்லை, லியோனின் வேன் வெறுமையாகத் திரும்ப வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை வந்த மகனிடம், "வர்ற புதன்கிழமை மட்டும் எங்களோட வா. அப்பறம் நீ சொல்றபடி," என்றேன். அவன் விடுப்பை நீட்டித்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை சுப்பம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளையும் மாரியம்மனுக்கு அதே நேர்த்தியை வைக்கச் செய்தேன். அவளுக்காகவும் நான் பொய் சொல்ல முடியாதல்லவா?

புதன்கிழமை லியோன் எங்களுடன் பஸ்ஸிலேயே வந்தான். குளக்கட்டில் எங்களைக் கண்டதும் அந்த அம்மா கத்தியை எடுத்தாள்.

"அபி தென்னாட்டம பாரயக் தியெனவா," என்றேன். எங்கள் இருவருக்கும் நேர்த்தி இருக்கிறது.

அவள் கத்தியைக் கீழே வைத்துக் கைகூப்பினாள். முகம் வாடவில்லை. பிறகு லியோனைப் பார்த்து, மகனுக்கும் நேர்த்தியா என்று கேட்டாள். இல்லை என்ற உண்மையைச் சொன்னேன். இரண்டு காய்கள் அவன் கைக்கு வந்தன.

"மெதுவா குடிங்க தம்பி, எங்க பங்கும் சேந்துதான் உள்ள போவுது," என்றாள் சுப்பம்மா, காய்ந்த உதட்டைத் தடவிக்கொண்டு.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். பின் இருக்கையிலிருந்து லியோன் குனிந்து கேட்டான்.

"பொய்யாம்மா சொன்னீங்க?"

"இல்ல. வெள்ளிக்கிழம வச்சது."

"என்ன வேண்டி?"

"நீ தனியா திரும்பிப் போகணும்னு."

கஹவத்தையில் இறங்கும்போது சுப்பம்மாவின் பையையும் தானே எடுத்துக்கொண்டான். மறுநாள் காலை வேன் புறப்பட்டபோது பின் இருக்கையில் என் பெட்டி இல்லை.